சோம்பேறி மேயரான கதை

படத்தில் இரண்டு தறி. ஒன்றில் ஓர் இளைஞன் நாடாவைக் கையில் பிடித்து மும்முரமாக நெய்துகொண்டிருக்கிறான். பெண் கொடுக்கிறவர்களுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போகிற முகம். இன்னொரு தறியில் அவன் வயதுக்காரன் ஒருவன் தறிமரத்தில் சாய்ந்து தூங்குகிறான். தறிமேல் பீர் குவளை. அவனுடைய நாடாவைப் பூனை ஒன்று உருட்டி விளையாடுகிறது. தொழில் பழகும் பையன்களுக்கான கையேடு இருவருக்குமே கொடுத்திருக்கிறார்கள். ஒருவனுடையது மடிப்புக் கலையாமல் இருக்கிறது, மற்றவனுடையது காலடியில் கிழிந்து கிடக்கிறது. வாசலில் முதலாளி எட்டிப் பார்க்கிறார், கையில் தடி.

இடம், லண்டனில் பட்டு நெசவாளர்கள் வாழ்ந்த ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். வரைந்தவர் வில்லியம் ஹோகார்த். ஆண்டு 1747. ‘உழைப்பும் சோம்பலும்’ என்று பன்னிரண்டு அச்சுப் படங்களாக வெளியான கதையில் இது முதல் படம். அடுத்து வருவதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். உழைப்பாளி தேவாலயத்தில் பாட்டுப் பாடும்போது சோம்பேறி வெளியே கல்லறைமேல் காசு வைத்துச் சூதாடுகிறான். உழைப்பாளிக்கு முதலாளி மகள் கிடைக்கிறாள், சோம்பேறியைக் கப்பலேற்றி அனுப்பிவிடுகிறார்கள். ஒருவன் ஷெரீஃப் ஆகிறான், மற்றவன் திருடனாகிறான். பதினோராவது படத்தில் சோம்பேறி தூக்குமேடைக்குப் போகிறான். பன்னிரண்டாவதில் உழைப்பாளி லண்டன் மேயராகச் சாரட்டில் ஊர்வலம் வருகிறான். உழைப்பாளிக்கு ஹோகார்த் வைத்த பெயர் குட்சைல்ட். நாம் அவனை நல்லபிள்ளை என்றே கூப்பிடலாம்.

பன்னிரண்டு படமும் சேர்த்துப் பன்னிரண்டு ஷில்லிங். முன்பு செய்த கதைப்படங்களை ஹோகார்த் முதலில் எண்ணெய்ச் சாயத்தில் தீட்டி, பிறகுதான் அச்சுக்குக் கொண்டுபோனார். இதற்கு அந்த ஆடம்பரம் இல்லை. நேராகச் செப்புத் தகடு, மலிவான அச்சு. முதலாளிமார் வாங்கிப் பையன்களின் கண்ணில் படும்படி மாட்டவேண்டும் என்பதுதான் திட்டம். நம் ஊரில் நூல் கடைக்காரரும் பஞ்சாலைக்காரரும் வருடப் பிறப்புக்குச் சாமி படக் காலண்டர் கொடுப்பதில்லையா, அந்த வேலையை அங்கே இந்தப் படங்கள் செய்தன. பார், உழைத்தால் மேயர், தூங்கினால் தூக்கு.

ஆனால் ஹோகார்த் அவ்வளவு அப்பாவி இல்லை. படத்தின் நடுவில் பாடம் நடத்துவார், மூலையில் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருப்பார். நல்லபிள்ளை ஷெரீஃப் ஆனதற்கு நடக்கும் விருந்தைப் பாருங்கள். பெரிய மனிதர்கள் அள்ளி அள்ளி விழுங்குகிற விழுங்கலில் யார் முகத்திலும் மரியாதை மிச்சமில்லை. பத்தாவது படத்தில், நீதி வழங்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் நல்லபிள்ளையின் முன் பழைய கூட்டாளியைக் கட்டி இழுத்து வருகிறார்கள். நல்லபிள்ளை பார்க்கச் சகியாமல் கண்ணை மூடிக்கொள்கிறான். அந்த நேரத்தில் சாட்சிக்குச் சத்தியம் செய்துவைக்கும் சிப்பந்தியின் கையில் ஒரு பெண் காசு வைக்கிறாள். சாட்சி இடது கையால் சத்தியம் செய்கிறான், சிப்பந்தி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உத்தமர் கண்ணை மூடியிருக்க, சட்டம் விலைபோகிறது. இந்த மூலைதான் எனக்குப் பிடித்த ஹோகார்த். நடுவில் இருக்கிறவர் காலண்டர்க்காரர்.

தறியும் கூலியும்

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் போல நம் பக்கத்திலும் ஒரு தறி ஊர் உண்டு. கோயமுத்தூரிலிருந்து திருப்பூர் போகும் ரயில் பாதையில், சூலூர் தாலுகாவில் இருக்கிறது சோமனூர். கூப்பிடு தூரத்தில் கருமத்தம்பட்டி, அதைத் தொட்டுப் போகும் தேசிய நெடுஞ்சாலை. எந்தச் சந்தில் திரும்பினாலும் விசைத்தறிச் சத்தம். புதிதாக வந்தவருக்குப் பேச்சுக் காதில் விழாது. உள்ளூர்க்காரருக்கோ சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.

இங்கே பெரும்பாலானவர்கள் கூலிக்கு நெசவு செய்கிறவர்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் அதைக் காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுப்பார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி இவருடையது, குடோன் இவருடையது, கரண்ட் பில் இவர் தலையில், தறி ஓட்டும் ஆளுக்குச் சம்பளம் இவர் கையிலிருந்து. நூல் அவருடையது, துணி அவருடையது, விலை சொல்வதும் அவர். தறிக்காரர் முதலாளியா, தொழிலாளியா? வங்கியில் கடன் கேட்கும்போது முதலாளி, கூலி கேட்கும்போது தொழிலாளி.

கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை என்றால் அமைச்சர், கலெக்டர் மட்டம்வரை போகும். அங்கே ‘சோமனூர் ரகம்’ என்பதே தனி வகை, மற்ற ரகங்களுக்கு வேறு கணக்கு. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், பிற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று அறிவிப்பு வந்தது. அறிவித்த கூலி கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலி விசைத்தறிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. வாரக்கணக்கில் தறி ஓடவில்லை. ஹோகார்த்தின் முதல் படத்தில் நிற்கும் தறி சோம்பேறியின் அடையாளம். சோமனூரில் ஊர் மொத்தமும் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தது. யாரும் தூங்கவில்லை, பூனை எதையும் உருட்டவில்லை. இதை எந்தப் படத்தில் சேர்ப்பது?

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் பிற்காலக் கதையையும் கேட்டுவிடுவோம். படம் வந்து 22 வருடம் கழித்து, 1769 டிசம்பரில், அந்த வட்டாரத்து நெசவாளர்கள் இருவரை உண்மையாகவே தூக்கில் போட்டார்கள். ஜான் டாய்ல், ஜான் வலைன் என்று பெயர். சூதாடியதற்காகவோ குடித்துவிட்டுக் கிடந்ததற்காகவோ தூக்கு இல்லை. கூலித் தகராறில் தறியிலிருந்த பட்டை அறுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கமாகத் தூக்கிலிடும் டைபர்னை விட்டுவிட்டு, நெசவாளர்கள் பார்க்கட்டும் என்று அவர்கள் வாழும் பகுதியிலேயே, பெத்னல் கிரீனில், மேடை போட்டார்கள். நான்கு வருடம் கழித்து, 1773-ல், பட்டு நெசவுக் கூலியை மாஜிஸ்திரேட்டுகள் நிர்ணயிக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. 1824 வரை அது நடப்பில் இருந்தது. கூலியை அதிகாரி முன்னால் பேசி முடிக்க வேண்டிய அவசியத்தைச் சோமனூர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹோகார்த்தின் பன்னிரண்டு படத்திலும் கூலி என்ற விஷயம் ஒரு மூலையில்கூட இல்லை.

நல்லபிள்ளை பிறந்த மண்

இத்தனைக்கும் நல்லபிள்ளைக் கதையைக் கொங்கு நாட்டைப்போல நம்புகிற சீமை தமிழ்நாட்டில் வேறில்லை. வெறுங்கையோடு வந்தவர் ஆலை கட்டினார், சைக்கிளில் பனியன் விற்றவர் ஏற்றுமதி செய்கிறார் என்று குடும்பத்துக்கு ஒரு கதை உண்டு. நம்புவதற்குக் காரணமும் உண்டு, சில கதைகள் உண்மை. சூலூரை ஒட்டிய கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டிப் படித்தவர். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்து விட்டு, பிறகு பெரிய போக்குவரத்து நிறுவனமும் தொழிற்சாலைகளும் நடத்தியவர். ஹோகார்த் இருந்திருந்தால் பன்னிரண்டு படமும் இவரை வைத்தே முடித்திருக்கலாம்.

ஆனால் நாயுடுவே அந்தச் சட்டகத்துக்குள் அடங்கவில்லை. அரசின் வரிக்கொள்கைமேல் கோபம் வந்தபோது, தான் செய்த பொருள்களையே ஊர் பார்க்க உடைத்துப் போட்டார். உழைத்தால் உயரலாம் என்ற பாடத்தின் கதாநாயகன், உயர்ந்து போய்ப் பார்த்த இடத்தில் என்ன இருந்தது என்று ஊருக்கு நடித்துக் காட்டிய பதின்மூன்றாவது படம் அது.

கொங்கு நாட்டின் நக்கலுக்கும் இந்தப் பெருமைக்கும் நெருங்கிய உறவு. வேலை, வேலை என்று ஓடுகிற ஊரில் பேச்சுக்கு நேரமில்லை. அதனால் ஒரே வாக்கியத்தில் ஆளைக் கவிழ்க்கவேண்டும், அதுவும் மரியாதை குறையாமல். “ஏனுங்க, ரொம்ப நல்லா இருக்குதுங்க” என்று ஒருவர் சொன்னால், கேட்டவர் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் எங்கே அடி விழுந்தது என்று தடவிப் பார்ப்பார். குத்து எவ்வளவு ஆழமோ அவ்வளவு ‘ங்க’. உடுமலைப் பக்கத்திலிருந்து போன கவுண்டமணி இந்த மரியாதையைத் தூக்கி எறிந்துவிட்டு நக்கலை மட்டும் மேடையேற்றியவர். அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். நமக்கு வேண்டியவர் சூலூர்க்காரர் மணிவண்ணன்.

அதற்கு முன் ஒரு எட்டு பின்னால் போய்வரவேண்டும். வழிதவறிய பணக்காரப் பிள்ளை கெட்டழியும் கதையை ஹோகார்த் 1735-ல் எட்டுப் படங்களாக வெளியிட்டார், ‘ஊதாரியின் பயணம்’ என்று. தமிழில் அதே காலத்திலும் அதற்குச் சற்று முன்னரும் நொண்டி நாடகங்கள் இருந்தன. தாசி வீட்டில் சொத்தை இழந்தவன் குதிரை திருடப் போய் மாட்டிக்கொள்வான், கால் வெட்டப்படும், தெய்வத்தை வேண்டிக் கால் திரும்பப் பெறுவான். கதையைத் தன் வாயாலேயே நொண்டிக்கொண்டு ஆடிச் சொல்வான். சீதக்காதி நொண்டி நாடகத்தில் அவன் மக்காவுக்குப் போய்க் குணமடைகிறான். ஹோகார்த்தின் ஊதாரிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, பைத்தியக்கார விடுதியில் முடிந்துபோகிறான். தமிழ் ஊதாரிக்கு எப்போதும் ஒரு சாமி காத்திருந்தது.

அந்தச் சாமியை அப்புறப்படுத்தியவர் எம்.ஆர். ராதா. திருவாரூர் தங்கராசு எழுதிய ‘இரத்தக்கண்ணீர்’ நாடகமாக ஊர் ஊராகப் போய், 1954-ல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் படமானது. சீமைப் படிப்புப் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம் தாசியிடம் எல்லாம் இழந்து குஷ்டரோகியாகிறான். கால் திரும்பி வராது, தோல் திரும்பி வராது. ஆனால் வாய் மட்டும் கடைசிவரை ஓயாது. அழுகிக்கொண்டிருக்கும் உடம்பிலிருந்து ஊரின் பக்தி, பணக்காரத்தனம், நாகரிகம் எல்லாவற்றையும் அவன் கிழிக்கும்போது, ஊதாரிக்குப் பாடம் சொல்லவந்த கதை பாடம் கேட்க வந்தவர்கள் பக்கம் திரும்பிவிடும். அரசு சும்மா இருக்குமா? ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்து அதே 1954-ல் சென்னை மாகாண நாடகச் சட்டம் வந்தது. மேடையேற்றும் முன் பிரதியைக் காட்டவேண்டும். 2013-ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அதற்குள் ராதா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தேங்காய் பொறுக்கியின் நாற்காலி

சூலூரில் பிறந்த மணிவண்ணன், பாரதிராஜாவிடம் ‘நிழல்கள்’, ‘அலைகள் ஓய்வதில்லை’ படங்களுக்கு எழுதி, 1982-ல் ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ மூலம் இயக்குநரானவர். குடும்பக் கதை, கொலைக் கதை, அரசியல் கதை என்று எது கொடுத்தாலும் வேகமாக எடுத்துத் தள்ளுவார். வேகத்தில் சில படங்கள் வெந்தும் வேகாமல் வந்திருக்கின்றன. 1994 பொங்கலுக்கு வந்த ‘அமைதிப்படை’ நன்றாக வெந்தது.

கோயிலில் உடைக்கிற தேங்காயைப் பொறுக்கித் தின்று திரியும் அமாவாசையாகச் சத்யராஜ். அவரும் கோவைக்காரர்தான். அவனைத் தேர்தலில் சுயேச்சையாக நிறுத்தும் அரசியல்வாதியாக மணிவண்ணனே நடித்தார். அடியாள் மாதிரி ஒரு ஆள், ஜெயித்தால் நம் பாக்கெட்டில் இருப்பான் என்பது அவர் கணக்கு. வாக்கு எண்ணிக்கைக் காட்சியைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் குறைவு. ஆனாலும் நிதானமாக ஒருமுறை பார்க்கவேண்டும்.

ஆரம்பத்தில் அமாவாசை இருக்கை நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். உடம்பு முழுக்கப் பணிவு. முன்னிலைச் செய்தி வருகிறது. முதுகு கொஞ்சம் நிமிர்கிறது. அடுத்த சுற்று. உட்காரும் இடம் கொஞ்சம் பின்னால் போகிறது. இன்னொரு சுற்று. கால்மேல் கால். பக்கத்தில் இருக்கும் மணிவண்ணன் ஓரக்கண்ணால் பார்க்கிறார். அவர் பேச்சிலிருந்த ‘டேய்’ தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, எங்கிருந்தோ மரியாதை வந்து ஒட்டிக்கொள்கிறது. வசனத்தைவிட நாற்காலிதான் அங்கே பேசுகிறது. அதிகாரம் என்பது எத்தனை அங்குலம் பின்னால் சாய்ந்து உட்காரலாம் என்ற விஷயம் என்று ஹோகார்த் பன்னிரண்டு தகட்டில் செதுக்கியிருப்பார். மணிவண்ணன் ஒரே காட்சியில் முடித்துவிட்டார். அந்தக் காட்சி முடியும்போது அமாவாசை செத்துப்போய் நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. பிறந்துவிடுகிறார். பெயருக்குப் பின்னால் அந்த எம்.ஏ. சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்தான் சூலூர்க் குசும்பு.

கலங்கலில் பிறந்தவர் நல்லபிள்ளை, சூலூரில் பிறந்த கற்பனையில் சோம்பேறி மேயராகிறான். இரண்டு ஊருக்கும் நடக்கிற தூரம்தான். உழைத்தால் உயரலாம் என்ற கதையை வீட்டுக்கு வீடு சொல்லும் மண்ணில்தான், யார் உண்மையில் உயர்கிறார்கள் என்ற கேள்விக்கு இப்படிக் குரூரமான பதில் வரமுடியும். பத்து மணி நேரம் தறியில் நிற்பவன் நின்றுகொண்டே இருக்க, கோயில் வாசலில் தேங்காய் பொறுக்கினவன் நாற்காலியில் சாய்வதைப் பார்த்துத் தியேட்டரில் கைதட்டினவர்களுக்கு அது வெறும் சிரிப்பாக இருந்திருக்க முடியாது.

படத்தில் குறையில்லாமல் இல்லை. அமாவாசை ஏமாற்றிய தாயம்மாளை மகனைப் பெற்றுத் தருவதற்காகவே கதை வைத்திருக்கிறது. பெற்றுக் கொடுத்ததும் அவள் செத்துப்போகிறாள். மகன் தங்கவேலு போலீஸ்காரனாகி அப்பனை எதிர்க்கும் இரண்டாம் பாதியில், காலண்டர் ஹோகார்த் எட்டிப் பார்க்கிறார். கெட்டவன் கடைசியில் மாட்டிக்கொள்ளவேண்டும், நல்லபிள்ளை நியாயம் வாங்கிக் கொடுக்கவேண்டும் என்ற பழைய கடன். மகனாகவும் சத்யராஜ்தான். ஆனால் யாருக்கு அந்த மகனின் வசனம் ஒன்றாவது நினைவிருக்கிறது? ஜனங்கள் அப்பனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இது நையாண்டிக் கலைக்கு எப்போதும் இருக்கிற ஆபத்து. அயோக்கியனைச் சுவாரசியமாக வரைந்தால் அயோக்கியன் ஜெயித்துவிடுவான். நாகராஜ சோழன் பேசிய வசனங்களை அரசியல்வாதிகளே மேடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். 2013 மே மாதம் மணிவண்ணன் தன் ஐம்பதாவது படமாக ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ எடுத்து அந்தப் பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். அடுத்த மாதமே அவர் காலமானார். இரண்டாம் படம் முதல் படத்தின் பக்கத்தில் நிற்கவில்லை. பத்தொன்பது வருடத்தில் நிஜ அரசியல் அமாவாசையைத் தாண்டிப் போயிருந்தது, கார்ட்டூன் பின்னால் ஓடிவந்து மூச்சு வாங்கியது.

ஹோகார்த்தும் தேர்தலை வரைந்திருக்கிறார். 1754-ல் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் நடந்த தேர்தலை வைத்து நான்கு ஓவியங்கள். லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இரண்டாவது ஓவியத்தின் நடுவில் ஒரு விவசாயி நிற்கிறார். இரண்டு பக்கமும் இரண்டு கட்சிக்காரர்கள், இரண்டு பேரும் காசு நீட்டுகிறார்கள், அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார். மூன்றாவதில் ஓட்டுப் போட நடக்க முடியாதவர்களையும் சாகக் கிடக்கிறவர்களையும் தூக்கிவருகிறார்கள். நான்காவதில் ஜெயித்தவர் தோள்மேல் தூக்கிய நாற்காலியிலிருந்து கவிழும் நிலையில் இருக்கிறார், கீழே பன்றிகள் ஓடுகின்றன. இந்த நான்கும் ‘உழைப்பும் சோம்பலும்’ போல யாருக்கும் பாடம் நடத்தவில்லை. நல்லபிள்ளை என்று ஒருவரும் இதில் இல்லை, வாக்காளர் உட்பட. அதனாலேயே இது மேலான படைப்பு என்பது என் கட்சி.

நம் பக்கத்தில் 2016 மே மாதத்தைப் பாருங்கள். வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகக் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் ஆணையம் சட்டமன்றத் தேர்தலையே நிறுத்தியது. நவம்பரில்தான் ஓட்டுப்பதிவு நடந்தது. அதே மே 14-ஆம் தேதி திருப்பூர் அருகே மூன்று கண்டெய்னர் லாரிகளை நிறுத்திப் பார்த்தால் உள்ளே 570 கோடி ரூபாய். அது தங்கள் பணம், கோவையிலிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகிறது என்று ஸ்டேட் பாங்க் சொன்னது. விவகாரம் சி.பி.ஐ. வரை போனது. மூன்று லாரி, நடு ரோடு, தேர்தலுக்கு இரண்டு நாள். ஒரு ஓவியர் இதைக் கற்பனையாக வரைந்து கொடுத்திருந்தால், எந்த ஆசிரியரும் ‘கொஞ்சம் குறைச்சுக்குங்க’ என்றுதான் சொல்லியிருப்பார்.

எதைச் சொல்லக்கூடாது

நக்கலுக்கும் நையாண்டிக்கும் கொங்கு நாடு ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. அரசியல்வாதியைப் பேசலாம், சாமியாரைப் பேசலாம், மாப்பிள்ளையைத் தாராளமாகப் பேசலாம். சாதியைத் தொட்டால் சிரிப்பு நின்றுவிடும். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரரான பெருமாள்முருகன் 2010-ல் வெளியிட்ட ‘மாதொருபாகன்’ நையாண்டியே இல்லை, குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரக் கதை. நாலு வருடம் கழித்து அதற்கு எதிராகப் போராட்டம், எரிப்பு, கடையடைப்பு. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுக்குப் பிறகு, எழுத்தாளனாகத் தான் இறந்துவிட்டதாக அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5-ஆம் தேதி உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவரைத் திரும்ப எழுதவைத்தது.

திரும்பி வந்தவர் கையில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. அதே வருடம் வந்த ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’யின் முன்னுரையில், மனிதர்களையும் தெய்வங்களையும் பற்றி எழுதப் பயம், மாட்டையும் பன்றியையும் தொடக்கூடாது, மிஞ்சியது ஆடு என்ற கணக்கை அவரே போட்டுக் காட்டுகிறார். நாவலில் குட்டிக்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிவு செய்யவேண்டும். எப்படி வந்தது, யார் கொடுத்தது என்று கேள்வி. கறுப்பு ஆடுகள் இருட்டில் தெரியாது, அதனால் அரசுக்கு அவற்றின்மேல் சந்தேகம். பூனாச்சி ஒரே ஈற்றில் ஏழு குட்டி போட்டதும் அதிகாரிகளின் கவனம் அதை வளர்க்கிறவர்கள் பக்கம் திரும்புகிறது. வரிசையில் நிற்கும் கிழவன், கிழவி, அவர்கள் கையில் ஆடு. மனிதர் பெயர் ஒன்றும் இல்லாமலே ஒரு சீமையின் பயம் முழுக்க வந்துவிடுகிறது. அமாவாசையைப் பார்த்துச் சிரித்தவர்கள் பூனாச்சியைப் பார்த்துச் சிரிக்க முடியாது. நையாண்டி நாற்காலியில் சாய்ந்தவனை விட்டுவிட்டு வரிசையில் நிற்கிறவர்களிடம் வந்துவிட்டது. கொங்குக் கலையில் இது பெரிய இடமாற்றம் என்று நினைக்கிறேன்.

சிரிக்கவைத்தவர்களுக்குக் கிடைத்த பரிசுகள் தமிழ்நாட்டில் பதிவாகியே இருக்கின்றன. 1987-ல் அட்டையில் ஒரு சிரிப்புப் படம் போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தது. மேடையில் இருப்பவர்களில் பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்பது சிரிப்பு. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் விட்டுவிட்டார்கள். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்து இறந்தது. அதை வைத்துக் கார்ட்டூன் போட்ட பாலா நவம்பர் 5-ஆம் தேதி கைதானார். அப்போது முதலமைச்சர் கொங்கு நாட்டுக்காரர். நக்கல் பிறந்த மண்ணிலிருந்து போனவர் என்பதால் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை.

அதே 2017-ல், அந்தக் கைதுக்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பர் 7-ஆம் தேதி சோமனூர் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. பஸ்ஸுக்காக நின்ற ஐந்து பேர் இறந்தார்கள். ஹோகார்த் 1751-ல் வரைந்த ‘ஜின் சந்து’ படத்தின் பின்புறத்தில் ஒரு கட்டடம் இடிந்துகொண்டிருக்கும். முன்னால் குடிகாரத் தாய் கையிலிருந்து குழந்தை நழுவுவதால் அந்தக் கட்டடத்தை யாரும் கவனிப்பதில்லை. அந்த ஊரில் குற்றவாளி சாராயம். சோமனூரில் நின்றவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஒழுக்கம் கெட்டவனுக்குத் தண்டனை என்ற கணக்கில் வைத்து இதை வரையவே முடியாது. டெண்டர், கட்டுமானம், பராமரிப்பு என்று வேறு படங்கள் வேண்டும், அவற்றில் வருகிறவர்கள் எல்லாரும் நல்லபிள்ளை முகத்தோடுதான் இருப்பார்கள்.

எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட படம் ஒன்றும் சோமனூரைப் பற்றி இன்னும் வரவில்லை. விசைத்தறி பற்றிச் செய்தி உண்டு, மனு உண்டு, உண்ணாவிரதப் பந்தல் புகைப்படம் உண்டு. கூலி ஒப்பந்தத்தை வைத்து ஒரு நாடகமோ படக்கதையோ இல்லை. இருக்கிற சரக்கு என்னவோ ஏராளம். கையெழுத்துப் போட்ட கூலியும் கைக்கு வந்த கூலியும் இரண்டு தறியாக ஓடுவதை யாராவது வரைந்தாலே பன்னிரண்டு படம் தேறும்.

அதுவரைக்கும் அமாவாசைதான். தறிக்குடோனில் செல்போனை ஜன்னல் திண்டில் சாய்த்து வைத்து, சத்தத்தில் வசனம் கேட்காவிட்டாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். நாற்காலி நகர்வது தெரிந்தால் போதும். ஒவ்வொரு தேர்தல் முடிவன்றும் அது வாட்ஸ்அப்பில் வலம்வருகிறது. ஒரு கட்சிக்காரர் அனுப்பும்போது அமாவாசை முகத்தில் எதிர்க்கட்சி வேட்பாளரின் பெயர் ஒட்டியிருக்கும். அந்தக் கட்சிக்காரர் அதே துண்டை எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் திருப்பி அனுப்புவார்.